மீன் மேல் பழி போடுமுன்

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கி:

"எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். வீட்டில் மூன்று வயதுப் பெட்டைப் பூனை இருக்கிறது. பெயர் சின்னு. முகமும் காதும் வெள்ளை, முதுகு செம்பட்டை. போன வருடம் ஐப்பசி மழை பிடித்ததும் கழுத்தையும் காதோரத்தையும் சொறிய ஆரம்பித்தது. மாசி வாக்கில் தானாக அடங்கியது. இந்த வருடம் புரட்டாசிக் கடைசியிலேயே மறுபடி வந்துவிட்டது. கழுத்தில் பொருக்கு, மூக்குத் தண்டில் சின்னச் சின்னப் புண், வால் அடியில் முடி போய் வழுக்கை. ஊசி போட்டால் மூன்று வாரம் நன்றாக இருக்கிறது, பிறகு பழைய கதைதான். மீன் அலர்ஜி என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் மத்தி, கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு மாதமாகத் தயிர்சோறு போடுகிறோம். இளைத்ததுதான் மிச்சம். குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசியும் பார்த்தோம். ரத்தப் பரிசோதனை செய்தால் எதற்கு ஒவ்வாமை என்று தெரியுமா? நாம் சாப்பிடும் அலர்ஜி மாத்திரையில் கால் பாகம் கொடுக்கலாமா? உடம்பில் தெள்ளு, உண்ணி எதுவும் இல்லை, நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டோம்."

அம்மா, எல்லாவற்றுக்கும் முன்னால் இன்றைக்கே தயிர்சோற்றை நிறுத்துங்கள். சோற்றில் பிழைக்கிற பிராணி அல்ல பூனை. டாரின் என்று ஒரு சத்து உண்டு. அதைப் பூனையால் தன் உடம்பிலேயே போதுமான அளவு செய்துகொள்ள முடியாது, இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்கவேண்டும். மாதக்கணக்கில் கிடைக்காமல் போனால் விழித்திரையும் இதயத் தசையும் பழுதாகும். அரிப்பைத் தீர்க்கப்போய் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீனைத் திரும்பக் கொடுங்கள். வேகவைத்து, முள் எடுத்து, உப்பு காரம் இல்லாமல் கொடுக்கவேண்டும். கருவாட்டில் உப்பு அதிகம், அது மட்டும் வேண்டாம். குழம்பு மீனை அலசிப் போடும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

பக்கத்து வீட்டார் சொன்னது ஒன்றுமில்லாத பேச்சு என்றும் சொல்லமாட்டேன். பூனைகளுக்கு உணவு ஒவ்வாமை தருவதில் மாட்டிறைச்சி, மீன், கோழி இந்த மூன்றும்தான் முன்வரிசையில் நிற்கின்றன. ஆனால் உங்கள் சின்னுவின் கணக்கு அதோடு ஒத்துப்போகவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், மத்தி வரத்து குறைவு, சரி. அது முடிந்து ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் கடல்மீன் தாராளமாக வந்திருக்கும், சின்னுவும் தின்றிருக்கும். அப்போது ஏன் சொறியவில்லை? உணவு ஒவ்வாமைக்குப் பருவம் கிடையாது. தின்கிற காலமெல்லாம் அரிக்கும். புரட்டாசியில் தொடங்கி மாசியில் அடங்குகிற அரிப்பு என்றால், அந்த மாதங்களில் டெல்டாவில் எது பெருகுகிறது என்று பார்க்கவேண்டும். ஈரம் பெருகுகிறது. ஈரத்தோடு தெள்ளும் கொசுவும் பெருகுகின்றன.

உடம்பில் தெள்ளு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பூனைக்காரர்கள் பெரும்பாலும் இதையேதான் சொல்கிறார்கள், அது பொய்யும் அல்ல. பூனையின் நாக்கில் முள் முள்ளாக இருக்கும். அரிப்பெடுத்த பூனை நாள் முழுக்க நக்கி நக்கி, இருக்கிற தெள்ளையெல்லாம் வாரி விழுங்கிவிடும். அதனால் ஒவ்வாமை உள்ள பூனையின் மேல்தான் தெள்ளு கண்ணில் படுவது கஷ்டம். ஒவ்வாமை தெள்ளின் எச்சிலுக்குத்தான் வருகிறது. நூறு தெள்ளு வேண்டாம், அவ்வப்போது ஒன்றிரண்டு ஏறிக் கடித்துவிட்டுப் போனாலே போதும், நாள்கணக்கில் அரிக்கும். வால் அடியில் வழுக்கை, கழுத்தைச் சுற்றிக் கேழ்வரகு தூவினாற்போல் கைக்குத் தட்டுப்படும் பொருக்கு, இவை இரண்டும் சேர்ந்து இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது தெள்ளைத்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பழைய வெள்ளை வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து தரையில் விரியுங்கள். சின்னுவை அதன் மேல் நிறுத்தி, பேன்சீப்பால் வால் அடியிலிருந்து முதுகு வரைக்கும் எதிர்வாட்டில் வாருங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்பாகக் கொஞ்சம் உதிரும். மண்ணாக இருந்தால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் ஓரிரு நிமிடத்தில் அந்தப் புள்ளியைச் சுற்றித் துணியில் செம்பழுப்பாகக் கசியும், ஏனென்றால் அது தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். ஒரு புள்ளி அப்படிக் கசிந்தாலும் சந்தேகம் தீர்ந்தது. எதுவும் கசியவில்லை என்றாலும் தெள்ளுக்கான வைத்தியத்தைத் தொடங்கத்தான் சொல்வேன். நக்கித் துடைத்துவிட்ட பூனையில் ஒன்றும் கிடைக்காமல் போவது சகஜம்.

வைத்தியம் பூனைக்கு மட்டும் செய்தால் போதாது, இடத்துக்கும் சேர்த்துச் செய்யவேண்டும். தெள்ளு பூனை மேல் முட்டையிட்டாலும் முட்டை அங்கே நிற்காது, பூனை படுக்கிற இடத்தில் உதிர்ந்துவிடும். புழு, கூட்டுப்புழு எல்லாம் சாக்கிலும், திண்ணை விரிசலிலும், வைக்கோல் போரடியிலும்தான் வளரும். ஒரு பெட்டைத் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைக்கு மேல்கூட இடும். நம் ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் முட்டையிலிருந்து மூன்று வாரத்தில் புதுத் தெள்ளு வந்துவிடும். கூட்டுக்குள் இருப்பது அவசரப்படாமல் மாதக்கணக்கில்கூடக் காத்திருந்து, ஏதாவது பிராணி பக்கத்தில் வந்து படுத்த சூட்டிலும் அதிர்விலும் வெளியே வரும். ஊசி வேலை செய்வது மூன்று வாரம், அடுத்த தலைமுறை வருவதும் ஏறக்குறைய மூன்று வாரம். ஊசியின் வேகம் குறையும்போது கடிக்கப் புதுத் தெள்ளு தயாராக இருக்கிறது.

ஆகவே சின்னு படுக்கும் சாக்கை எரித்துவிட்டு, துவைக்கக்கூடிய பழைய துணியைப் போடுங்கள். அதை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். தெள்ளுப் புழு வெளிச்சத்தையும் வறட்சியையும் தாங்காது. கட்டில் அடி, அரிசி மூட்டை இடுக்கு, மாட்டுக் கொட்டகை ஓரம் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி இருந்தால் அவற்றையும் பாருங்கள், பூனைத் தெள்ளு அவற்றின் மேலும் ஏறும். பூனைக்கென்று பிடரியில் விடும் சொட்டு மருந்து இருக்கிறது. ஃபிப்ரோனில், செலாமெக்டின் போன்றவை. எடை பார்த்து மருத்துவர் எழுதிக் கொடுத்ததை வாங்கி, வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும், நாய் இருந்தால் நாய்க்கு அதற்குரியதையும், தொடர்ந்து மூன்று மாதம் விடவேண்டும். ஒரு தடவை விட்டுவிட்டு "கேட்கவில்லை" என்று நிறுத்துவதால்தான் பாதி வீடுகளில் இது தீருவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாட்டு உண்ணிக்குத் தெளிக்கிற மருந்து கொஞ்சம் மீதம் இருக்கிறதே என்று அதைத் தண்ணீரில் கலந்து பூனையைக் கழுவாதீர்கள். நாய்க்கு விடும் சொட்டு மருந்தில் பாதியும் வேண்டாம். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் என்று பெயர் போட்ட எதையும் பூனை மேல் விடக்கூடாது. குறிப்பாகப் பெர்மெத்ரின் பட்டால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வந்து சாகக்கூடும். டெல்டா கிராமங்களில் பூனைக்கு இப்படியும் ஆபத்து வருவதுண்டு.

அடுத்தது மூக்குத் தண்டுப் புண். இதைத் தெள்ளின் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. மூக்குத் தண்டிலும் காதின் வெளிப்பக்கத்திலும் முடி மெலிசு, கொசுவின் வாய்க்கு எட்டும் இடம். கொசுக்கடிக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்கு அங்கேதான் சின்னக் கொப்புளம், பொருக்கு, புண் என்று வரிசையாக வரும். சில பூனைகளுக்குப் பாதத்தின் மெத்தையும் தடித்து வெடிக்கும். சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் நிற்கிற காலம், வாசலில் குட்டை, முற்றத்தில் மழைநீர். உங்களுக்கே சாயங்காலம் திண்ணையில் உட்கார முடியாதபோது, திண்ணையிலேயே தூங்குகிற பூனையின் கதியை யோசியுங்கள்.

இதற்கும் சோதனையும் வைத்தியமும் ஒன்றேதான். பொழுது சாய்வதற்குள் சின்னுவை வலை அடித்த அறைக்குள் விட்டுவிடுங்கள். ஒரு தட்டில் மணல், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். விடிந்து வெயில் ஏறிய பிறகு வெளியே விடலாம். முதல் இரண்டு இரவு கத்தித் தீர்க்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். கொசுதான் காரணம் என்றால் ஒரு வாரம் பத்து நாளில் மூக்குப் புண் காய்வது கண்ணுக்குத் தெரியும். நாம் கையில் தடவும் கொசு களிம்பை அதற்குத் தடவவேண்டாம். அறைக்குள் கொசுவத்திச் சுருளும் வேண்டாம், நொச்சி, வேப்பிலை மூட்டமும் வேண்டாம். புகைக்கு ஒத்துக்கொள்ளாத பூனைக்கு அதுவே மூச்சு முட்டலைக் கொண்டுவரும்.

புகையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பூனை குனிந்து பதுங்கினாற்போல் உட்கார்ந்து, கழுத்தை முன்னால் நீட்டி, இருமுவதுபோல் செய்தால் "முடி உருண்டை கக்குகிறது" என்று விட்டுவிடுகிறோம். எதுவும் வெளியே வராமல் அடிக்கடி இப்படிச் செய்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். வைக்கோல் தூசு, சாம்பிராணி, அடுப்புப் புகை எல்லாம் அதைத் தூண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்பவேண்டும். சின்னுவின் தோல் அரிப்புக்கு வைக்கோல் தூசைக் காரணம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சம்பா அறுத்து வைக்கோல் கட்டும் தை, மாசியில்தான் தூசு அதிகம், உங்கள் பூனைக்கோ அப்போதுதான் அடங்குகிறது.

சின்னுவின் முகம் வெள்ளை என்று எழுதியது நல்லதாயிற்று. வெள்ளைக் காது, வெள்ளை மூக்கு உள்ள பூனைகளுக்கு வெயில் பட்டுப் பட்டு அந்த இடத்தில் தோல் புற்றுநோய் வருவதுண்டு, தொடக்கத்தில் அதுவும் ஆறாத பொருக்காகத்தான் தெரியும். கொசு படாமல் மூன்று வாரம் வைத்தும் புண் ஆறவில்லை, ஓரம் அரித்துக்கொண்டே போகிறது என்றால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று வயதில் வாய்ப்பு குறைவு, ஆனாலும் கவனத்தில் இருக்கட்டும்.

இன்னும் இரண்டு நோய் இல்லை என்று பார்த்துக்கொள்ளாமல் ஒவ்வாமை என்று முடிவு கட்டக்கூடாது. ஒன்று படர்தாமரை. வீட்டில் யாருக்காவது, குறிப்பாகப் பூனையை மடியில் வைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, கையிலோ கழுத்திலோ வட்டமாக அரிப்புத் தடிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உடனே சொல்லுங்கள், அது பூனையிடமிருந்து மனிதருக்கு ஒட்டும். இன்னொன்று சொறிப்பூச்சி. காது விளிம்பிலிருந்து தொடங்கிச் சாம்பல் நிறத்தில் கெட்டியாகப் பொருக்குத் தட்டும். இரண்டையும் தோலைச் சுரண்டியும் முடியைப் பிடுங்கியும் நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், படர்தாமரைக்குச் சிலசமயம் பூஞ்சை வளர்த்தும் பார்க்கவேண்டிவரும். இவை இருக்கும்போது ஸ்டீராய்டு ஊசி போட்டால் வெளியே அடங்கினாற்போல் இருந்து உள்ளே பரவும்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் கேட்கிறது என்றால் அது அநேகமாக நீண்டநாள் வேலை செய்யும் ஸ்டீராய்டாக இருக்கும். போட்ட மருத்துவர் தப்பு செய்யவில்லை. சொறிந்து சதையைக் கிழித்துக்கொள்கிற பூனைக்கு முதலில் அரிப்பை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் எந்த ஒவ்வாமையாக இருந்தாலும் ஊசிக்கு அடங்கும் என்பதால், காரணம் எது என்று அது காட்டிக்கொடுக்காது. அதையே திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம். தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறதா, மூத்திரம் அதிகமாகப் போகிறதா என்று கவனியுங்கள். இனி அரிப்பு தாங்காமல் போனால், அளவைக் குறைத்துக்கொண்டே வரக்கூடிய பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை மாத்திரையாகத் தரமுடியுமா என்று கேளுங்கள். அதுவும் நீண்டநாள் வேண்டியிருந்தால் ஸ்டீராய்டு அல்லாத சைக்ளோஸ்போரின் என்ற மருந்து இருக்கிறது, விலை கொஞ்சம் கூடுதல்.

நம் அலர்ஜி மாத்திரையைக் கேட்டிருந்தீர்கள். செட்டிரிசினைப் பூனைக்கு நாங்களும் எழுதுவதுண்டு. சிலவற்றுக்குக் கேட்கும், பலவற்றுக்குப் பெரிதாகக் கேட்காது. பிரச்சினை மாத்திரையை விட டப்பாவில்தான் இருக்கிறது. சளி, தும்மல், அலர்ஜி என்று கடையில் கொடுக்கும் பல மாத்திரைகளில் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும், கால் மாத்திரையும் பாதுகாப்பானதல்ல. தெரியாமல் கொடுத்துவிட்டால் ஈறு நீலம்பாரிக்கும், முகம் வீங்கும், உடனே ஓடவேண்டும். ஆகவே கால் பாகம், அரைக்கால் பாகம் என்று எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

குப்பைமேனி பூசியதில் பெரிய கெடுதல் நடந்திருக்காது, ஆனால் புண்ணில் எரிந்திருக்கும், பாதியை நக்கி விழுங்கியிருக்கும். பூனைகளுக்குக் குப்பைமேனி வேர் என்றால் கிறுக்கு, தோண்டியெடுத்து அதன் மேல் புரளும். அதனால் பூசினால் நக்காமல் விடாது. கற்பூரம் போட்ட தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், யூக்கலிப்டஸ் தைலம் எதையும் தடவாதீர்கள். கற்பூரம் பூனைக்கு விஷம். புண்ணை உப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்தால் போதும், உப்பு அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். பின்னங்கால் நக நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள், சொறிந்தாலும் கிழியாது. வெட்டும்போது கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சின்னுவுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடவில்லை என்றால் அதையும் போட்டுவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். உணவு ஒவ்வாமைக்கு நம்பத்தகுந்த ரத்தப் பரிசோதனை பூனைகளுக்கு இல்லை. ஒரு குறையும் இல்லாத பூனைக்கும் நாலைந்து பொருளுக்கு ஒவ்வாமை என்று சீட்டு வரும். அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்திக் கடைசியில் தயிர்சோற்றில்தான் வந்து நிற்பீர்கள்.

தெள்ளு மருந்து மூன்று மாதம், இரவில் வலை அறை. இரண்டையும் ஒழுங்காகச் செய்தும் சொறிந்தால், அல்லது மாசி தாண்டியும் அடங்காமல் போனால், அப்போது உணவைச் சந்தேகப்படலாம். அதற்குரிய வழி ஒன்றுதான்: சின்னு இதுவரை தின்றிராத ஒரு மாமிசத்தை மட்டும் எட்டு வாரம் கொடுப்பது. கோழி தின்று பழகிய பூனைக்குக் காடை, வாத்து சரிவராது, பறவை இனம் என்பதால் ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளாதது மற்றதற்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முயல் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் வெள்ளாட்டுக் கறி, இதயம், மிகக் கொஞ்சமாக ஈரல். மசாலா இல்லாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும், டாரின் அந்தத் தண்ணீரில் கரைந்து போயிருக்கும். வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து கிடையாது, அதை எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சாப்பாட்டிலிருந்து ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரமாகக் கலந்து கலந்து மாற்றுங்கள். "பசித்தால் தின்னும்" என்று பட்டினி போடவே கூடாது. இரண்டு மூன்று நாள் தின்னாத பூனைக்கு ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

உள்ளபடி சொன்னால், நம் கிராமத்துப் பூனைக்கு இந்த எட்டு வாரம் லேசுப்பட்டதல்ல. நீங்கள் ஆட்டுக்கறி போடுவீர்கள், அது எதிர்வீட்டில் நெத்திலித் தலையைத் தின்றுவிட்டு, வரும் வழியில் ஒரு எலியையும் முடித்துவிட்டு வரும். வீட்டோடு அடைத்து வைக்கமுடிந்தால் மட்டும் தொடங்குங்கள். எட்டு வாரத்தில் அரிப்பு அடங்கினாலும் வேலை முடியவில்லை, பழைய மீனைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கவேண்டும். இரண்டு வாரத்துக்குள் சொறி திரும்பினால்தான் உணவு ஒவ்வாமை என்று உறுதி.

தோலைச் சுரண்டிப் பார்ப்பதற்கு உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். ஊசி போட்ட சீட்டுகளையும், எந்தெந்த மாதம் சொறிந்தது என்று குறித்த தாளையும் கையோடு எடுத்துப்போங்கள். மூடி உள்ள கூடையிலோ பெட்டியிலோ வைத்துக் கொண்டுபோங்கள், பையில் கட்டிப் பேருந்தில் ஏறவேண்டாம். முதல் நாள் குளிப்பாட்டவோ எதையும் பூசவோ வேண்டாம், பொருக்கு கழுவப்பட்டுவிட்டால் அவர்களுக்குச் சுரண்டிப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.